1,180 கிராமில் ஒரு பேத்தி: சேலத்தில் ஒரு பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் 47 நாட்கள்

என் பேத்தி 29ஆவது வாரத்தில், 1,180 கிராம் எடையில் பிறந்தாள். சேலம் நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் 47 நாட்கள் இருந்துவிட்டு, 1,840 கிராமோடு ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தாள். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 47 நாட்களும் மகளுக்குத் துணையாக மருத்துவமனையிலேயே தங்கியிருந்தேன். காத்திருந்த நேரத்தில், குழந்தைக்குச் செய்யப்படும் ஒவ்வொன்றும் எந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்; புரியாததை மருத்துவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். படித்ததையும் பார்த்ததையும் அருகருகே வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரியாமலே இது உங்களுக்குப் பயன்படும். இங்கே சொல்லும் அளவுகோல்களைக் கொண்டு எந்த மருத்துவமனையையும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம்.

குறைமாதக் குழந்தை என்றதும் சொந்தபந்தம் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்கே வென்டிலேட்டர் இருக்கிறதா?" என்பதைத்தான். எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். இயந்திரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என் பேத்தியைக் காப்பாற்றியவற்றுள் பெரும்பாலானவை விலை குறைந்தவை. அவற்றை உரிய நேரத்தில், தவறாமல், உள்ளே இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறார்களா என்பதில்தான் ஒரு பிரிவின் தரம் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த வகையில் இந்தப் பிரிவு பலவற்றில் மிக நன்றாக இருந்தது; ஒன்றே ஒன்றில் எங்களை மிகவும் வருத்தியது.

முதல் பாராட்டு அந்த மருத்துவமனைக்கு உரியதன்று. மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு உரியது. வளைகாப்புக்கு நாள் குறித்து, வளையலுக்கும் சொல்லிவைத்திருந்த வாரம் அது. இரவு பதினொரு மணிக்கு மகளுக்கு இடுப்பு வலி கண்டது. செவிலியர் பரிசோதித்துவிட்டு 108க்குச் சொன்னார். வண்டி வருவதற்குள் ஓர் ஊசியும் போட்டார். "டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், முதல் டோஸ்" என்று ஒரு சீட்டில் நேரத்தோடு எழுதி என் கையில் கொடுத்து, "கீழே போனதும் முதல்ல இதைக் காட்டுங்கம்மா, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்னும் மூணு டோஸ் போடணும்" என்றார். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும் வரை அந்தச் சீட்டை நான் முந்தானையில் முடிந்துவைத்திருந்தேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே முதிரவைக்கும் ஸ்டீராய்டு மருந்து அது. அந்த ஊசியின் கதை நியூசிலாந்தில், ஆட்டுக்குட்டிகளிடம் தொடங்குகிறது. பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த லிக்கின்ஸ் என்ற மருத்துவர், ஸ்டீராய்டு பெற்ற ஒரு குட்டி, பிழைக்கவே வாய்ப்பில்லாத குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கவனித்தார். பிறகு அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் ஆக்லாந்தில் 282 தாய்மார்களிடம் அந்த மருந்தைச் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கு நுரையீரல் கோளாறும் இறப்பும் குறைந்திருந்தன. இவ்வளவு தெளிவான முடிவு கையில் இருந்தும், 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு வலியுறுத்திச் சொல்லும் வரை, பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. ஆய்வு முடிவுகளைத் தொகுத்துத் தரும் கோக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள சிறு கோடுகள், இந்த மருந்தைப் பற்றிய பழைய ஆய்வுகளையே குறிக்கின்றன. அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம், இடையில் கழிந்த இருபது ஆண்டுகளில் ஊசி கிடைக்காமல் போன குழந்தைகளின் நினைவுதான் எனக்கு வருகிறது.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பொருந்துமா என்ற சந்தேகமும் நெடுநாள் இருந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 2,852 தாய்மார்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தபோது அது தீர்ந்தது. ஊசி பெறாதோரின் குழந்தைகளில் 100க்கு 23.5 பேர் இறந்தார்கள். ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் அது 19.6 ஆகக் குறைந்தது. வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே செவிலியர் முதல் டோஸைப் போட்டுவிடலாம் என்று நம் நாட்டு வழிகாட்டுதல் 2014ஆம் ஆண்டிலிருந்தே சொல்கிறது. அதைப் படித்து நினைவில் வைத்திருந்து, அந்த நள்ளிரவில் தயங்காமல் செய்தவர் அந்தச் செவிலியர். அவருக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

சேலத்தில் அந்தச் சீட்டுக்கு மதிப்பு இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் அதை வாங்கிப் பார்த்து, மீதி டோஸ்களுக்கு நேரம் குறித்தார். வலியைத் தள்ளிப்போட மாத்திரை கொடுத்து ஏறத்தாழ 40 மணி நேரத்தைப் பெற்றுத் தந்தார்கள். நான்கு டோஸும் முடிந்தன. பிரசவத்துக்குச் சற்று முன்பு, குழந்தையின் மூளையைக் காப்பதற்காக மகளுக்கு மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்குப் பின்னாளில் கை கால் இறுகிப்போகும் பெருமூளை வாதம் வரும் அபாயத்தை அது குறைக்கிறது. இத்தனைக்கும் அது விலை மலிவான பழைய மருந்து. என்ன ஏற்றுகிறார்கள், ஏன் ஏற்றுகிறார்கள் என்பதை அந்த அவசரத்திலும் மகளிடம் ஒருவர் சொன்னார்.

"ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளைதான் தங்காது" என்று ஆறுதல் சொல்ல வந்த உறவினர் ஒருவர் கூறினார். நம் ஊர்களில் இன்றும் இதைச் சொல்கிறார்கள். இது உண்மையன்று. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்தப் பேச்சை நம்பி ஏழாம் மாதத்து வலியை அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறந்தவுடன் குழந்தையைத் துடைக்கக்கூட இல்லாமல், கழுத்து வரை ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து, தலைக்குக் குல்லாய் மாட்டி எடுத்துவந்தார்கள். கதவோரம் நின்று அதைப் பார்த்தபோது என் நெஞ்சு பதறிவிட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. இவ்வளவு சிறிய குழந்தையின் தோல் மிக மெல்லியது. ஈரம் காயும்போது உடலின் சூடும் சேர்ந்து போய்விடும். உடல் குளிர்ந்தால் மூச்சும் சர்க்கரை அளவும் தடுமாறும். அந்தப் பை அதைத் தடுக்கிறது. சில ரூபாய் மதிப்புள்ள பைதான்; அதைப் பிரசவ மேசையின் அருகில் முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தார்கள் என்பதைத்தான் நான் மதிப்பெண்ணாகக் கணக்கிடுகிறேன்.

ஸ்டீராய்டு ஊசி கிடைத்திருந்தும் நுரையீரல் முழுமையாக விரியவில்லை. நம் நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சு வெளியேறும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். ஏறத்தாழ 34, 35 வாரத்துக்குப் பிறகுதான் அது போதுமான அளவில் சுரக்கும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம் என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் 1959இல்தான் கண்டறிந்தார்கள். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த ஆண் குழந்தை, ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனது. அன்றைக்கு உலகத்தில் எந்தப் பணத்தாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நிலைமையை மாற்றினார். அதே வகை மருந்தைத்தான் என் பேத்திக்குப் பிறந்த இரண்டாவது மணி நேரத்தில் கொடுத்தார்கள். மூக்கின் வழியாக அழுத்தக் காற்று தரும் சி-பேப் கருவியை எடுக்காமலே, மெல்லிய குழாய் ஒன்றின் மூலம் கொடுத்ததால் வென்டிலேட்டர் தேவைப்படவே இல்லை. எல்லோரும் விசாரித்த அந்த இயந்திரம் எங்கள் படுக்கைக்கு வரவில்லை என்பதில் எனக்கு நிறைவு.

அடுத்த மருந்தின் பெயரைக் கேட்டபோது ஏற்காட்டுக்காரி என்ற முறையில் வியந்துபோனேன். குறைமாதக் குழந்தைகளின் மூளை சில நேரம் மூச்சுவிடச் சொல்ல மறந்துவிடும்; இருபது விநாடி அசைவில்லாமல் கிடந்து, உடல் நீலம் பாயும். அங்குள்ள சிஸ்டர்கள் அதை "அப்னியா" என்பார்கள். அதற்குக் கொடுக்கும் மருந்து காஃபின். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிச் செடியை நட்டது முதல் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டங்களுக்கு நடுவில்தான் எங்கள் குடும்பம் வாழ்கிறது. ஆனால் அது ஒரு பச்சைக் குழந்தைக்கு மூச்சை நினைவுபடுத்தும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 2,006 குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. காஃபின் பெற்றவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் பாதிப்பும் பெருமூளை வாதமும் குறைந்திருந்தன. வாதம் 100க்கு 7.3 என்பதிலிருந்து 4.4 ஆனது. வீட்டுக் காபியைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று தயவுசெய்து யாரும் எண்ணவேண்டாம். அங்கே கொடுத்தது கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்த தூய மருந்து.

ஆக்சிஜனைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும். ஒரு பிரிவு எவ்வளவு கவனமானது என்பதை நான் இதை வைத்துத்தான் அளந்தேன். ஆக்சிஜன் அதிகமானால் குறைமாதக் குழந்தைக்கு நல்லதுதானே என்று நாம் நினைப்போம். 1940களில் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. புதிய இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்சிஜன் விட்டார்கள். பிழைத்த குழந்தைகளில் ஏராளமானோர் பார்வை இழந்தார்கள். மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர் 1951இல் ஆக்சிஜன் மீது சந்தேகத்தை எழுப்பினார். பிறகு அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. உடனே எல்லோரும் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். அதனால் இறப்பும் மூளைப் பாதிப்பும் கூடின. சரியான அளவு எது என்ற கேள்விக்கு 2010இல் வெளிவந்த, 1,316 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வுதான் வெளிச்சம் தந்தது. இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவை 85 முதல் 89 சதவீதம் வரை வைத்தால் கடுமையான கண் பாதிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. 91 முதல் 95 வரை வைத்தால் உயிர் பிழைப்போர் கூடினர், கண்ணைத்தான் விடாமல் கண்காணிக்கவேண்டியிருந்தது. உயிருக்கும் பார்வைக்கும் நடுவில் நான்கைந்து எண்களே உள்ள அந்த ஒற்றையடிப் பாதையில்தான் ஒவ்வொரு குறைமாதக் குழந்தையும் நடக்கிறது.

இந்தப் பிரிவில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் "90 – 95" என்று கையால் எழுதிய ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. எண் 95ஐத் தாண்டினால் கருவி கூவும். சிஸ்டர் வந்து, காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் திருகை 30லிருந்து 28க்கு, 28லிருந்து 25க்கு என்று மெல்லக் குறைப்பார். பகல் நேரத்தில் இதில் ஒரு தவறும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஓர் இரவு, இரண்டு மணி அளவில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எங்கள் குழந்தையின் திரையில் 100 என்று நின்றுகொண்டிருந்தது; கருவி கூவவும் இல்லை. யாரோ ஒலியை நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரே சிஸ்டர் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒன்று மிக மோசமான நிலையில் இருந்தது. கண்ணாடியைத் தட்டிச் சொன்னதும் ஓடிவந்து சரிசெய்தார். அவர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. இரவில் ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று அட்டவணை போட்ட நிர்வாகத்தின் மீதுதான் வருத்தம். மருத்துவமனை தேடுகிறவர்கள், "இரவில் எத்தனை குழந்தைகளுக்கு ஒரு செவிலியர்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

கண் பரிசோதனையைப் பொறுத்தவரை குறையே இல்லை. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மேல்நாடுகளின் வரம்பைவிட இது விரிவானது, ஏனென்றால் இங்கே சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது. எங்களுக்கு 21ஆம் நாளே கண் மருத்துவர் வந்தார். சொட்டு மருந்து விட்டு, இமைகளை ஒரு சிறு கம்பியால் விரித்துப் பார்த்தபோது குழந்தை வீறிட்டு அழுதது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரத்தக்குழாய்கள் வளரும் எல்லையில் லேசான மேடு தட்டியிருக்கிறது, இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவேண்டும் என்றார். மூன்று முறை பார்த்த பிறகு அது தானாகவே அடங்கியது. முற்றினால் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசியோ உண்டு. ஆனால் காலம் தவறினால் எதுவும் பயன்படாது. பரிசோதனைத் தேதிகளை மகளின் கைப்பேசிக்கும் மருமகனின் கைப்பேசிக்கும் தனித்தனியே அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் முந்தைய நாள் அழைத்து நினைவூட்டினார்கள். இது மிகப் பெரிய சேவை.

பால் விஷயத்திலும் பெரும்பாலும் நல்ல பெயர்தான். முதல் நாளே மகளுக்குப் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்து, மூன்று சொட்டுச் சீம்பாலையும் வீணாக்காமல் வாங்கிச் சென்றார்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை 2 மில்லி, மூக்குக் குழாய் வழியாக. பத்தாவது நாள் இரவு பால் வற்றியதுபோல் இருந்தபோது, பணியிலிருந்த ஒருவர் "ஒரு வேளைக்குப் பவுடர் பால் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். அன்று காலைதான் நான் 1990இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்திருந்தேன். 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்ததில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்குக் குடல் அழுகும் நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லி, பெரிய டாக்டரை அழைக்கச் சொன்னோம். அவர் தொலைபேசியிலேயே எங்கள் பக்கம் நின்றார். விடிவதற்குள் மகளுக்கு மறுபடி சுரந்தது. சுரக்காத தாய்மார்களுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது; சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். தனியார் மருத்துவமனைகளும் வங்கியோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். பவுடர் டப்பா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

இனி, எங்களை வருத்திய அந்த ஒன்று. என் மகள் தன் குழந்தையை முதன்முதலில் தொட்டது பன்னிரண்டாம் நாள். அதுவரை காலை பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கண்ணாடி வழியாகப் பத்து நிமிடம் பார்க்கலாம், அவ்வளவுதான். கேட்டால், "கிருமி வந்துவிடும், எடை 1,250 ஆகட்டும், சி-பேப் எடுக்கட்டும்" என்றார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு அந்த வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கதவிடுக்கில் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978இல் எட்கர் ரேய் என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு முறை. நிலைமை சீரான பிறகே இதைச் செய்யலாம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2021இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அந்த எண்ணத்தையே புரட்டிப்போட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளில் ஒரு பாதியினரைப் பிறந்தவுடனேயே, சி-பேப்போடும் சலைனோடும் தாயின் மார்பில் வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், பழைய முறையில் 100க்கு 15.7, உடனடி கங்காரு முறையில் 12. கிருமித்தொற்றும் கூடவில்லை, குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனேயே தொடங்குங்கள் என்று பரிந்துரையை மாற்றியது. என் பேத்தியின் எடை 1,180. அந்த ஆய்வு யாருக்காக நடந்ததோ, அவர்களில் ஒருத்தி அவள்.

ஆய்வின் சுருக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் தலைமை மருத்துவரைச் சந்தித்தேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்கள் சொல்வது சரிதான். தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து இடம் வேண்டும், சாய்வு நாற்காலி வேண்டும், சிஸ்டர்களுக்குப் பயிற்சி வேண்டும், எங்களிடம் இன்னும் இல்லை" என்றார். மழுப்பாமல் சொன்னார் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்கிய இடத்தில் நாலு சாய்வு நாற்காலிக்கு வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து, சி-பேப் இருக்கும்போதே அனுமதித்தார்கள். எடை அன்று 1,130 தான்.

மகள் குளித்துச் சாப்பிடப் போகும் நேரத்தில் என்னையும் அனுமதித்தார்கள். முழங்கை வரை கை கழுவி, முன்பக்கம் திறந்த சட்டையைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். சிஸ்டர் குழந்தையைத் தவளைபோல் கால் மடக்கி, என் இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துத் துணிப்பட்டையால் கட்டினார். "பாட்டி, கழுத்து மடங்காம மட்டும் பார்த்துக்குங்க, மூஞ்சி எப்பவும் ஒரு பக்கமா இருக்கணும்" என்றார். உள்ளங்கை அளவு முதுகு. விரலுக்கடியில் ஒவ்வொரு விலா எலும்பும் தெரிந்தது. மூச்சு முதலில் தாவித் தாவி வந்தது, பத்து நிமிடத்தில் என் மூச்சோடு சேர்ந்து சீராகிவிட்டது. திரையில் 89, 90 என்று ஆடிக்கொண்டிருந்த எண் 94இல் வந்து நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் கருவி ஒரு முறையும் கூவவில்லை. அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை தாயும் நானும் மாறி மாறி வைத்திருந்தோம். எடை தினமும் 15, 20 கிராம் ஏறத் தொடங்கியது. மருமகனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்தார்கள். அவர் வெளியே வந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மஞ்சள் காமாலைக்கு நான்கு நாள் நீல விளக்கில் வைத்தார்கள், சாதாரணமாகத் தீர்ந்தது. இளவெயிலில் காட்டினாலே போதுமே என்று ஊரில் சொல்வார்கள். இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், குழந்தைகளை வெயிலில் எடுத்துச் செல்லும்போது மஞ்சள் வெளுப்பதை 1956இல் கவனித்ததிலிருந்துதான் இந்த விளக்கே வந்தது. ஆனால் இவ்வளவு சிறிய குழந்தைக்கு வெயில் சிகிச்சையாகாது. உடல் குளிரும், இல்லையென்றால் தோல் வெந்துவிடும்.

பக்கத்துப் படுக்கையில், நிறைமாதத்தில் பிறந்து, அழத் தாமதமாகி மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தை இருந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளின் உடலை மூன்று நாள் குளிரவைக்கும் சிகிச்சை மேல்நாடுகளில் வழக்கம். அந்தக் குழந்தையின் தகப்பனார் அதைக் கேட்டு மன்றாடினார். மருத்துவர் அவரை உட்காரவைத்து, இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், குளிரவைத்தவர்களில் 100க்கு 42 பேரும் மற்றவர்களில் 31 பேரும் இறந்தார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். மேல்நாட்டில் உதவியது இங்கே தீங்காக முடிந்தது. கருவி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருந்ததற்கும், பணம் கட்டத் தயாராக இருந்த ஒருவரிடம் வேண்டாம் என்று சொன்னதற்கும் நான் இந்தப் பிரிவை மனதாரப் பாராட்டுகிறேன்.

செலவு மொத்தம் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி கிடைத்தது, அதற்கான தாள்களை அவர்களே தயாரித்தார்கள். தினசரிக் கணக்கு கேட்டால் மறுநாள் காலை கைக்கு வந்துவிடும். துணைக்கு இருப்பவர்கள் தங்கும் கூடம் மோசம். நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறைகள், அதில் ஒன்றில் தண்ணீர் வராது. பால் பீய்ச்சுவதற்கு மறைவான இடம் என்று ஒரு மூலையில் திரை மட்டும் கட்டியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடத்தில் இது போதாது.

வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு நாள் தாயையும் சேயையும் ஒரே அறையில் வைத்து, பாலாடையில் பால் புகட்டுவது, வெப்பமானி பார்ப்பது, மூச்சு நின்றால் உள்ளங்காலைத் தேய்த்து உசுப்புவது எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே செய்யவைத்தார்கள். மலையில் குளிர் அதிகம் என்பதால், அறையை எவ்வளவு சூட்டில் வைக்கவேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள். காது கேட்கும் திறனுக்கான பரிசோதனையையும் முடித்தே அனுப்பினார்கள்.

கிளம்பும் நாளில் தலைமை மருத்துவரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன்: இரவுச் செவிலியர் எண்ணிக்கை, முதல் நாளிலிருந்தே கங்காரு முறை, கழிப்பறை என்று மூன்று வேண்டுகோள்கள். கண் பரிசோதனைக்காக மறுபடி மலையிறங்கிப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் மூன்று சாய்வு நாற்காலிகள் புதிதாகப் போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில், மூக்கில் சி-பேப் குழாயோடு இருந்த ஒரு குழந்தையைச் சேலைக்குள் அணைத்தபடி ஒரு சின்னப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறந்து இரண்டு நாள் என்றார் சிஸ்டர். கழிப்பறையில் இன்னும் தண்ணீர் வரவில்லை.